எங்காத்துல காப்பி கிடையாது

நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்வியில்தான் தொடங்கும். வந்து உட்கார்ந்தவரிடம் வேறெதையும் விசாரிப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவேன். "நேத்துலேர்ந்து காப்பி, டீ ஏதாவது குடிச்சீங்களா?" சிலர் இல்லை என்பார்கள். சிலர் அசடு வழிவார்கள். குடித்தவர்களை இன்னொரு நாள் வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவோம்.

நாங்கள் ஆராய்ந்த பொருளின் பெயர் அடினோசின். அது வெளியிலிருந்து வரும் விஷமும் இல்லை, கிருமியும் இல்லை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் தானே உண்டாக்கிக்கொள்வது. உழைத்துக் களைத்த செல்லும், காற்றுக்குத் தவிக்கிற செல்லும் அதை வெளியே கசியவிடும். அக்கம்பக்கத்துச் செல்கள் சேதி தெரிந்துகொண்டு தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளும். இதயம் நிதானிக்கும், கண் சொருகும். நல்ல பொருள்தான். ஆனால் ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயில் மட்டும் அது வேலி பயிரை மேய்ந்த கதையாகிவிடுகிறது. மற்றவர்கள் அதை நுண்ணிய தூறலாக மூச்சில் இழுத்தால் ஒன்றும் ஆவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் இழுத்தால் சற்று நேரத்தில் குழாய் சுருங்கி, நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும்.

காப்பி குடித்துவிட்டு வந்தால் இந்தச் சோதனை கெட்டுப்போகும். திருச்சி டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள் இல்லையா, காப்பியில் இருக்கிற கஃபீன் செய்வது அந்த வேலைதான். அடினோசின் வந்து உட்கார வேண்டிய இடத்தில் துண்டைப் போட்டுவிடும். அடினோசின் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும்.

சோதனைக்கு வந்தவர் பதில் சொல்ல வாயைத் திறப்பார். அதற்குள் என் காதில் வேறொரு குரல் முந்திக்கொள்ளும். தொண்டையைச் செருமிக்கொண்டு, பெருமை பொங்க, "எங்காத்துல காப்பியே கிடையாது" என்று. அது என் அப்பாவின் குரல். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் குரல் வராமல் இருந்ததில்லை.

அதன் பிறகு தூறலை இழுத்தவரின் நெஞ்சில் விசில் தொடங்கும். அது என் அக்காவின் சத்தம். அதை நானே வரவழைத்து, நானே மருந்து கொடுத்து நிறுத்துவேன். இதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவள். மலைக்கோட்டைக்குக் கீழே ஆண்டார் தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அப்பா, அம்மா, அக்கா, நான், அவ்வளவுதான் குடும்பம். அக்காவின் இழுப்புக்கு இன்ன காலம் என்று கிடையாது. வீட்டில் வெள்ளையடித்தால் வரும், அரிசி புடைத்தால் வரும், மழைக்கு முன்னால் வரும். வந்தால் பேச மாட்டாள். கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் 'போடி' என்று கண்ணாலேயே சொல்வாள். இழுப்பு நின்றதும் முதல் வேலையாக என்னைச் சீண்டுவாள். அவளுடைய அழகான ஜடையும், நல்ல பாட்டும், கெட்ட நாக்கும் அந்தத் தெருவில் பிரசித்தம்.

அவளுக்கு வைத்தியம் பார்த்தவர் பாலக்கரையில் டிஸ்பென்சரி வைத்திருந்த ஒரு முஸ்லிம் டாக்டர். ரொம்பவும் முற்றிவிட்டால் வீட்டுக்கு வந்து நரம்பில் ஊசி போடுவார். அந்த மருந்தை அவசரமாக ஏற்றக் கூடாது என்று, அவள் முகத்தையே பார்த்தபடி மெதுவாக ஏற்றுவார். ஒருமுறை அம்மாவிடம், "நான் வந்து சேர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்கம்மா. டிகாக்‌ஷன் இருக்குமில்ல, பால் ஊத்தாம கெட்டியா சுடச்சுடக் குடுங்க. கொஞ்சம் தாங்கும்" என்றார். அம்மா நம்பாமல் பார்த்தாள். "இந்த ஊசி மருந்தும் காப்பிக்குள்ள இருக்கிறதும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க" என்று சிரித்தார்.

அது ஏன் வேலை செய்கிறது என்று நான் கேட்டேன். எனக்கு அப்போதே வாய் நீளம். "அது எனக்குத் தெரியாது பாப்பா. தெரிஞ்சவங்க யாரும் இருக்கிறதாவும் தெரியலை" என்று பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டிகாக்‌ஷன் தீர்ந்துபோனதே இல்லை. அம்மா பெரிய கடைவீதியில் பச்சைக்கொட்டை வாங்கி, இரும்புச்சட்டியில் வறுத்து, சுவரில் திருகி வைத்திருந்த மெஷினில் அரைப்பாள். அக்காவின் மூச்சில் முதல் விசில் கேட்டதும் பித்தளை டம்ளரில் கருகருவென்று வரும். கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பாள். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கும், கை தளரும். எல்லாத் தடவையும் நின்றுவிடாது. ஆனால் டாக்டர் வரும்வரை தாங்கும். நாங்கள் எல்லோரும் அந்த டம்ளரை நம்பித்தான் தூங்கினோம்.

அக்காவுக்குக் கல்யாண வயசு வந்தது. இழுப்பு இருப்பது தெரிந்து இரண்டு மூன்று இடம் தட்டிப்போயிற்று. அப்பா மனசு விட்டுப்போனார். அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கம் வரன் வந்தது. பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளையின் அப்பா கோயிலில் பெருமாள் முன்னால் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிக்கிறவர். கீழ உத்திர வீதியில் சொந்த வீடு. அப்பேர்ப்பட்ட குடும்பத்தில் நம் பெண்ணா என்று அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "ரொம்ப ஆசாரமானவா. நம்ம குறை எதுவும் கண்ணுல படப்படாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆசாரம் என்றால் காப்பி கூடாது என்பது அந்தக் காலத்துக் கணக்கு. எதைச் சமைத்தாலும் பெருமாளுக்குப் படைத்து, கண்டருளப்பண்ணிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். காப்பியைப் பெருமாளுக்குக் காட்ட முடியாது. ஆகவே அது உள்ளே வரக் கூடாத வஸ்து. கோயில் கைங்கரியக் குடும்பங்களில் சிலர் நிஜமாகவே தொட மாட்டார்கள். மற்றவர்கள் தொடுவதில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். எங்கள் வீடு இந்த இரண்டிலும் சேராது. காப்பி குடித்தோம், குடிக்கிறோம் என்று சொன்னோம். பெண் பார்க்க வந்த அன்றுவரை.

அன்று மத்தியானம் அப்பா காப்பி மெஷினைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னார். திருகாணி இருந்த ஓட்டையை மறைக்க ஒரு காலண்டர் தொங்கியது. அவர்கள் வருவதற்குச் சற்று முன்பு, பயத்தினாலோ என்னவோ, அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அம்மா ஓடிப்போய்த் தளிகை உள்ளில் அடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த டிகாக்‌ஷனைச் சுடவைத்துக் கொடுத்தாள். அக்கா இரண்டு டம்ளர் குடித்தாள். மூச்சு அடங்கியது. ஆனால் வீடு முழுக்கக் காப்பி வாசனை. அப்பா பதறிப்போய்ச் சாம்பிராணி போடச் சொன்னார். புகை ஆகாத பெண்ணை உட்காரவைத்துச் சுற்றிப் புகை போட்டார்கள். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் பிற்பாடு எந்தப் பெரிய சபையிலும் பார்த்ததில்லை.

அக்கா பாடினாள். எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. அவள் நெஞ்சுக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். புகைக்கும் டிகாக்‌ஷனுக்கும் நடந்த சண்டையில் அன்று டிகாக்‌ஷன் ஜெயித்தது. பாசுரம் முடிந்ததும் பிள்ளையின் அம்மா, "நன்னா சேவிக்கிறா" என்றார். வட்ட முகம், பெரிய குங்குமப் பொட்டு, பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்கிற வழக்கம். பெண் பார்க்கிற இடத்தில் வழக்கமாக வரும் காப்பிக்குப் பதிலாக எங்கள் அம்மா குங்குமப்பூ போட்ட பால் கொண்டுவந்து வைத்தாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"பொண்ணுக்குக் காப்பிப் பழக்கம் உண்டோ?"

சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். "எங்காத்துல காப்பியே கிடையாது" என்றார். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் டம்ளரையே பார்த்தார். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றார். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நிச்சயமாயிற்று.

கல்யாணம் முடிந்து அக்காவைக் கொண்டுவிடப் போகும்போது அம்மா அவளிடம் தனியாக என்னவோ சொன்னாள். அக்கா தலையை ஆட்டினாள். இழுப்பு வந்தால் சளி என்று சொல்லிக்கொள்வது, காப்பிப் பேச்சே எடுக்கக் கூடாது, இதுதான் ஏற்பாடு. பிறகு சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றார் அப்பா.

முதல் மாசம் அவள் வந்திருந்தபோது, புக்ககத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிப்புக் காட்டினாள். "போன மறுநாளே எனக்கு மண்டையிடி. காப்பி இல்லாததுதான், வேறென்ன. சுக்குப்பத்து போட்டுண்டு படுத்துண்டேன். திரும்பிப் பார்த்தா, மாமியாரும் சுக்குப்பத்து போட்டுண்டு அந்தப் பக்கம் படுத்துண்டிருக்கா. கல்யாண அலைச்சல்டீங்கறா. ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலைல முனகிண்டு கிடந்தோம்" என்று நெற்றியைப் பிடித்து நடித்துக் காட்டினாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வருஷக்கணக்காகத் துண்டு போட்ட இடத்தில் ஒருநாள் துண்டு இல்லையென்றால், காத்திருந்த கூட்டம் மொத்தமும் முண்டியடித்து ஏறும். அடினோசின் அப்படித்தான் மண்டைக்குள் நுழைந்து ரத்தக்குழாய்களை விரித்து வலிக்கவைக்கும். காப்பியை நிறுத்திய மறுநாள் தொடங்கி ஒரு வாரம்கூட இருக்கும். இதைப் பிற்பாடு பாடமாகப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், ஒரே வலியோடு இரண்டு பெண்கள் படுத்திருந்தார்கள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அவள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னபோது எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். இதைச் சிரிக்காமல் சொன்னாள். "மாமனார் கோஷ்டி முடிஞ்சு வரச்சே சில நாள் அவர் மேல காப்பி வாசனை வர்றதும்மா. அவராவது காப்பியாவது. எனக்குத்தான் பிரமை பிடிச்சிருக்கு." அம்மா அவள் தலையைத் தடவி, அடுப்படியிலேயே நிற்கவைத்து, ஒரு பெரிய டம்ளர் டிகாக்‌ஷன் கொடுத்தாள்.

தலை தீபாவளிக்கு வந்தபோது அக்கா இளைத்திருந்தாள். அவளுக்கு இழுப்பு வந்துகொண்டுதான் இருந்தது. புக்ககத்தில் கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள், துளசிச் சாறு கொடுத்தார்கள், ஒரு வைத்தியரிடம் லேகியம் வாங்கிக் கொடுத்தார்கள். கெட்டவர்கள் இல்லை. அவள் முதுகைத் தேய்த்துவிட்டபடி மாமியார் கூடவே உட்கார்ந்திருப்பாராம். "நன்னாத்தான் பாத்துக்கறா. அதனாலதான் சொல்ல வாய் வரமாட்டேங்கறது. சொன்னா, பொய் சொல்லிக் குடுத்தான்னு அப்பாவைத்தானே நினைப்பா" என்றாள்.

அன்று நான் அப்பாவோடு சண்டை போட்டேன். நீங்கள் போய்ச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன். "வயசுக்குத் தக்க பேச்சுப் பேசு. ஒரு குழந்தை பிறக்கட்டும். அப்புறம் எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் அப்பா. குழந்தை பிறந்தால் பொய் உண்மையாகிவிடுமா என்று கேட்டேன். அறை விழுந்தது. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தமில்லை, கோபம்தான் இருக்கிறது. அந்த வீட்டில் யாராவது ஒருத்தர் பேச வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த வருஷம் வைகுண்ட ஏகாதசி. அன்று ஸ்ரீரங்கம் எப்படியிருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே பெருமாள் பரமபத வாசல் கடந்துவிடுவார். கூட்டம் நாள் முழுக்கக் கலையாது. பஸ்ஸெல்லாம் காவேரிப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். அக்காவின் புக்ககத்தில் வெளியூர் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பெரியவர்கள் உபவாசம். குழந்தைகளுக்காக விறகடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. ஈர விறகு, மார்கழிப் பனி, தெருவெல்லாம் புழுதி. நடுப்பகலுக்கு முன்னால் அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை டாக்டரைத் தேடி ஓடினார். டாக்டர் கிடைத்தார். அந்த ஜன சமுத்திரத்தில் அவர் நேரத்துக்கு வந்து சேரத்தான் முடியவில்லை.

எங்களுக்கு ஆள் வந்து சொன்னபோது நானும் அப்பாவும் அம்மாவும் கிளம்பினோம். அம்மா ஒரு கூஜாவில் டிகாக்‌ஷன் எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை அப்பா தடுக்கவில்லை. காவேரிப் பாலத்தின் மேல் கோயிலிலிருந்து திரும்புகிற கூட்டம் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. எல்லோர் முகத்திலும் திருப்தி. அதைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அம்மா கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். வீதி முனையிலேயே எங்களைப் பார்த்து மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். கூடத்தில் அக்காவைப் படுக்கவைத்திருந்தார்கள். அவள் பக்கத்தில் நான் கேட்ட நிசப்தத்தைப்போல ஒன்றை அதற்கப்புறம் கேட்டதில்லை. அவள் இருந்த அறையில் எப்போதும் மூச்சுச் சத்தம் இருக்கும். கூஜா திறக்கப்படாமலே எங்களோடு வீட்டுக்குத் திரும்பியது.

நான் கெமிஸ்ட்ரி படித்தேன். கல்லூரி லேபில் எதையாவது சூடாக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் அவள் மூச்சு கேட்கும். திரும்பிப் பார்த்தால் கெட்டில் இருக்கும், குழாய் இருக்கும். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, மார்க் நன்றாகவே வாங்கினேன். ஆனால் அந்த டாக்டர் தெரியாது என்று சொன்ன பதிலைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று ஒரு வெறி பிடித்திருந்தது. வீட்டில் காப்பி மெஷின் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மூவரும் காப்பி குடித்தோம்.

மேலே படிக்க நான் வேறு ஊருக்குக் கிளம்பவிருந்த சமயம். ஒருநாள் மத்தியானம் அக்காவின் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக, டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். அம்மா பாயை விரித்தாள். அப்பா கூடத்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார்.

"பிள்ளைக்கு மறுபடியும் ஒரு இடம் பாத்திருக்கோம். உங்களண்ட சொல்லாம செய்ய மனசு வரலை" என்றார்.

"நன்னாச் செய்யுங்கோ மாமி. அவர் எத்தனை நாள் தனியா இருப்பார்" என்றாள் அம்மா. அம்மாவின் குரல் நடுங்கவில்லை.

அந்த அம்மாள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். அப்புறம் சிரித்துவிட்டார், வெட்கப்படுகிற சிரிப்பு. "இந்தத் தடவை நான் கேள்வியெல்லாம் கேக்கலை. எங்காத்துல காப்பி உண்டு, ரெண்டு வேளையும் உண்டுன்னு முதல்லயே சொல்லிட்டேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. "காப்பியா?" என்றாள்.

"ஆமா. இப்ப சொல்றதுக்கு என்ன. எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து காப்பி உண்டு. அவருக்கும் உண்டு. ரெண்டாம் டம்ளர் மட்டும் எனக்குத் தனியாக் குடிச்சா இறங்காது. மாட்டுப்பொண்ணு வந்தா ஒரு துணையாச்சேன்னுதான் அன்னிக்கு உங்காத்துல ஆசையாக் கேட்டேன். இந்த மாமா காப்பியே கிடையாதுன்னுட்டார். இவ்வளவு ஆசாரமா வளர்ந்த குழந்தை முன்னாடி நாம எப்படிக் குடிக்கறதுன்னு கூச்சமாப் போயிடுத்து. அவ வர்றதுக்கு முதல்நாள் கொட்டை டப்பா, மெஷின் எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டேன். ஒரு வாரம் தலைவலி உயிர் போச்சு. அவர் சாமர்த்தியசாலி, கோஷ்டி முடிஞ்சதும் சிநேகிதர் ஆத்துல குடிச்சிட்டு வந்துடுவார்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குழந்தை என்னை ஒண்ணுமே கேட்டதில்லை. கடைசி நாளன்னிக்குக்கூட, என்னம்மா வேணும் சொல்லு, என்ன வேணுமானாலும் பண்ணித் தரேன்னு கையைப் பிடிச்சிண்டு கேட்டேன். என் மூஞ்சியையே பாத்தா. என்னவோ சொல்ல வந்தா. அப்புறம், வெந்நீர் போதும்னா. வெந்நீர் போட்டுக் குடுத்தேன். அடுப்புக்கு நேர் மேலதான் பரண்."

பரணைப் பற்றி அவர் எதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. காப்பிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சொல்லிக்கொண்டு போகிற போக்கில் வந்த வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும். எனக்குள் எல்லாம் திரண்டு வாய்வரை வந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கிள்ளவில்லை, பிடித்துக்கொண்டாள். அன்று மட்டும் அவள் செய்தது சரி. அந்த மனுஷியை இதோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாது.

ஒரு டம்ளர் காப்பியால் அக்கா பிழைத்திருப்பாளா என்று என்னைக் கேட்டால், ஆராய்ச்சிக்காரியாக நான் சொல்லக்கூடியது தெரியாது என்பதுதான். காப்பியின் பலம் கொஞ்சம். அவளுக்கு வந்தது பெரிய இழுப்பு. ஆனால் டாக்டர் வரும்வரை தாங்கும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அன்று டாக்டர் தாமதமாகத்தான் வந்தார், வராமல் போகவில்லை. இந்தக் கணக்கை நான் போடாத நாள் இல்லை. விடை வந்ததும் இல்லை.

அம்மா எழுந்து உள்ளே போனாள். காப்பி வாசனை கூடத்துக்கு வந்தது. டவராவும் டம்ளருமாகக் கொண்டுவந்து அந்த அம்மாளின் முன்னால் வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், காலண்டர் இல்லாத சுவரில் இருந்த மெஷினைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவும் கேட்கவில்லை. மெதுவாக ஆற்றிக் குடித்தார். அம்மா இரண்டாம் டம்ளர் கொண்டுவந்தபோது தனக்கும் ஒன்று எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள். குங்குமம் வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவர் கிளம்பினார்.

வாசல்வரை போய்விட்டுத் திரும்பிய அம்மா அப்பாவுக்கும் காப்பி கலந்து கொண்டுவந்தாள். அவர் டம்ளரைத் தள்ளிவைத்தார். "எனக்கு வேண்டாம். இனிமே தொட மாட்டேன்" என்றார்.

அம்மா அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று டம்ளரை அவர் கையில் வைத்து அழுத்தினாள். "குடியுங்கோ" என்றாள். "நம்மாத்துல காப்பி உண்டு."

அவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.